மலையூரின் சமூக வன உரிமை மனு: உதவிக்குப் போகிறவர் தெரிந்துகொண்டு போக வேண்டியவை

நீலகிரியிலோ சத்தியமங்கலத்திலோ ஆனைமலையிலோ ஒரு பழங்குடி ஊர், தான் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் காட்டின் மேல் உரிமை கேட்டு மனுப்போட முடிவு செய்திருக்கிறது. எழுத்து வேலைக்கு உதவ உங்களை அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவராக இருக்கலாம், சட்டம் படிக்கும் மாணவராகவும் இருக்கலாம். போகும் முன் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தையும் அதன் 2008 விதிகளையும் 2012 செப்டம்பரில் வந்த திருத்தத்தையும் ஒரு முறை முழுதாகப் படியுங்கள். எல்லாம் சேர்த்து ஒரு மாலைப் பொழுது வேலைதான். பழைய விதிகளை மட்டும் படித்துவிட்டுப் போனால் படிவமும் தப்பாகும், கோரமும் (கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) தப்பாகும்.

1. முதலில் ஊரிடம் கேளுங்கள்

வனத்துறையிடமோ ஊராட்சித் தலைவரிடமோ பேசிவிட்டு ஊருக்குள் போகாதீர்கள். ஊருக்கென்று பெரியவர்கள் இருப்பார்கள். இருளர் ஊர்கள் பலவற்றில் மூப்பன், வண்டாரி, குறுதலை, மண்ணுக்காரன் என்று பொறுப்புகள் பிரிந்திருக்கும். நிலம், விதைப்பு பற்றிய பேச்சில் மண்ணுக்காரன் இல்லாமல் எடுத்த முடிவு நிற்காது. யார் எதற்குப் பொறுப்பு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் கூட்டத்தில் மூன்றை மட்டும் சொல்லுங்கள்: நீங்கள் யார், எத்தனை நாள் இருப்பீர்கள், வேலை முடிந்த பின் காகிதங்கள் யாரிடம் இருக்கும். மூன்றாவதற்கு ஒரே பதில்தான் உண்டு, ஊரிடம். அன்றைக்கே கையெழுத்து வாங்க நினைக்காதீர்கள். பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம். சாவு விழுந்த வாரத்தில் எந்தப் பேச்சும் நடக்காது. அப்போது போனால் துக்கத்துக்குப் போங்கள், கோப்பை வீட்டில் வைத்துவிட்டு.

இன்னொன்று. நகரத்திலிருந்து வருகிறவர்கள் எழுபது வயதுப் பெரியவரை ‘நீ, வா, போ’ என்று பேசுவதை மலையில் அடிக்கடி கேட்கலாம். எதிர்த்துச் சொல்லமாட்டார்கள், ஆனால் மறக்கவும் மாட்டார்கள். சமூகத்தின் பெயரையும் அவர்கள் தம்மைச் சொல்லிக்கொள்ளும்படியே சொல்லுங்கள்.

2. எந்தப் படிவம் என்று முடிவு செய்யுங்கள்

படிவம் ஏ தனிநபர் நிலத்துக்கு. படிவம் பி சமூகப் பயன்பாட்டு உரிமைகளுக்கு: தேன், கடுக்காய், நெல்லி, சீமாற்றுப்புல் போன்ற சிறுவனப் பொருள் சேகரிப்பு, மேய்ச்சல், மீன்பிடிப்பு, நீர்நிலை. படிவம் சி சமூக வன வளத்துக்கு, அதாவது காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் உள்ள உரிமைக்கு. இது சட்டத்தின் 3(1)(ஐ) பிரிவு.

பி மட்டும் போட்டுவிட்டு ‘காடு எங்களுக்கு வந்துவிடும்’ என்று ஊர் நம்பியிருப்பது பரவலான தவறு. பி எடுத்துக்கொள்ளும் உரிமையைத் தரும், நிர்வகிக்கும் உரிமையைப் படிவம் சி-தான் தரும். இரண்டையும் சேர்த்தே தயாரியுங்கள். ஒரே நடை, ஒரே வரைபடம், ஏறக்குறைய ஒரே சான்றுகள்.

தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறும் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாகப் பட்டியலிடப்பட்டவை. இவர்களுக்கு வாழிட உரிமை (சமூகமாக வாழ்ந்துவரும் நிலப்பகுதியின் மேல் உள்ள உரிமை) என்று தனியாக ஒன்று உண்டு, படிவம் பியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள்.

காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் எதுவானாலும் மனுப்போடலாம். ‘இது காப்பகம், இங்கே செல்லாது’ என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

3. எது கிராம சபை?

மனுக்கள் அதிகமாகச் சாய்வது இங்கேதான். தமிழ்நாட்டில் கிராம சபை என்றால் ஊராட்சி முழுவதற்கும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடுவது. மலை ஊராட்சிகளில் பல குக்கிராமங்கள் பல கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடக்கும். பழங்குடியினர் அதில் சிறுபான்மையாகவும் இருக்கலாம். வன உரிமை விதிப்படி கிராம சபை உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உரிமைக் கோரிக்கை பற்றிய தீர்மானமானால் கோருகிறவர்களிலோ அவர்களுடைய பிரதிநிதிகளிலோ 50 சதவீதம் பேர் இருக்க வேண்டும். ஊராட்சிச் சட்டத்தின் வழக்கமான கோரம் இதைவிட மிகக் குறைவு. அந்தக் கணக்கில் போட்ட தீர்மானம், மனுவை அடுத்துப் பரிசீலிக்கும் கோட்ட அளவிலான குழுவில் (கோட்டக் குழு) திரும்பிவிடும்.

இதற்கு வழி 2ஏ விதி. வருவாய்ப் பதிவிலோ வனப் பதிவிலோ சேராத குக்கிராமங்களை, இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்காகத் தனிக் கிராமமாகச் சேர்க்கலாம். அந்தந்தக் குடியிருப்பில் கூட்டம் போட்டுத் தீர்மானம் எடுத்து, ஊராட்சி வழியாகக் கோட்ட அளவிலான குழுவுக்குப் பட்டியல் அனுப்ப வேண்டும். அதற்கு மேல் உள்ள மாவட்டக் குழு அதை இறுதி செய்யும். மாதக்கணக்கில் இழுக்கக்கூடிய வேலை என்பதால் இதை முதலில் தொடங்குங்கள். படிவம் எழுதி முடித்த பிறகு நினைவுக்கு வந்தால் எல்லாத் தேதியும் குழம்பும்.

4. வன உரிமைக் குழு

கோரிக்கைகளைப் பெற்றுச் சரிபார்க்க, கிராம சபை தன் முதல் கூட்டத்தில் 10 முதல் 15 பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுக்கும். மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். தலைவரையும் செயலரையும் குழுவே தேர்ந்தெடுத்துக் கோட்டக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

வனத்துறை ஏற்கெனவே அமைத்த கிராம வனக் குழு வேறு, இது வேறு. ‘இருக்கிற குழுவையே வைத்துக்கொள்ளலாமே’ என்ற யோசனையை ஏற்காதீர்கள். உதவிக்கு வந்த நீங்கள் குழுவில் உறுப்பினராகவும் ஆகாதீர்கள், செயலர் வேலையையும் செய்யாதீர்கள். வேகமாக எழுதுவீர்கள், உண்மைதான். ஆனால் கள ஆய்வு நாளில் அதிகாரி கேள்வி கேட்கும்போது, தாம் எழுதாத காகிதத்துக்குச் செயலரால் பதில் சொல்ல முடியாது. பத்தாவது படித்த பெண் ஒருவர் ஊரில் இருந்தால் அவர் மெதுவாக எழுதட்டும், பொறுத்திருங்கள்.

5. அவர்கள் மொழியில்

இருளமோ குறும்பமோ தோடமோ ‘கொச்சைத் தமிழ்’ அல்ல. தனி மொழிகள். மலையில் பலருக்குத் தமிழ் இரண்டாவது மொழி, சிலருக்கு மூன்றாவது. கூட்டத்தில் தமிழில் கேட்டால் தமிழ் சரளமாக வரும் இளைஞர்கள் மட்டும் பேசுவார்கள், காட்டை நன்றாக அறிந்த பாட்டிகள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எனவே:

கூட்டத்தில் அவர்கள் மொழியில் பேச ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். அவர் ஊராராக இருந்தால் நல்லது, பக்கத்து ஊரானாலும் பரவாயில்லை. கடைக்காரரோ எஸ்டேட் மேஸ்திரியோ மொழிபெயர்ப்பாளராக வேண்டாம்.

இடப்பெயர்களுக்கு ஒரு நோட்டு போடுங்கள், நான்கு பத்தியாக: ஊர் சொல்லும் பெயர், பக்கத்து ஊர் சொல்லும் பெயர், வனத்துறைக் கோப்பில் உள்ள பெயர் அல்லது கம்பார்ட்மென்ட் (வனத்துறை காட்டைப் பிரித்த பகுதி) எண், வருவாய்ப் பதிவில் உள்ள பெயர். ஒரே ஓடைக்கு மூன்று பெயர் இருப்பது சாதாரணம். மனுவில் ஊர்ப்பெயரை முதலில் எழுதி, அலுவலகப் பெயரை ‘எனப்படும்’ என்று சேருங்கள். ஊர்ப்பெயரை விட்டால் காட்டோடு ஊருக்கு உள்ள பழைய உறவின் சான்று ஒன்று போய்விடும். அலுவலகப் பெயரை விட்டாலோ அதிகாரி ‘இடம் அடையாளம் காண இயலவில்லை’ என்று எழுதிவிடுவார்.

தமிழ் எழுத்து எல்லா ஒலிக்கும் போதாது. இருள மொழியின் நடு உயிர்களும் தோடர் மொழியின் உரசொலிகளும் அதில் அடங்கா. அதனால் பெயர்களையும் பெரியவர்களின் வாக்குமூலங்களையும் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, கோப்பில் பதிவு எண்ணைக் குறியுங்கள். வாக்குமூலத்தை அவர் சொன்ன சொல்லிலேயே தமிழ் எழுத்தில் எழுதி, கீழே தமிழ் ஆக்கம் எழுதுங்கள். பிறகு அவருக்கே வாசித்துக் காட்டித் திருத்தி, அதன் பின் கைநாட்டு. வெற்றுத் தாளில் முன்கூட்டியே கைநாட்டு வாங்கி வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. ஒரு முறை அது வெளியே தெரிந்தால் மொத்தக் கோப்பின் நம்பகமும் போகும்.

6. காட்டை நடந்து வரையுங்கள்

காகிதத்தில் அல்ல, முதலில் தரையில். ஊர் முற்றத்தில் கோலமாவாலோ சாம்பலாலோ ஓடை, பாறை, பாதை, மேய்ச்சல், கிழங்கு எடுக்கும் இடம், பழைய ஊர் இருந்த இடம் எல்லாவற்றையும் அவர்களே போடட்டும். பெண்களைத் தனியாகவும் ஒரு முறை போடச் சொல்லுங்கள். விறகும் கீரையும் தண்ணீரும் இருக்கும் இடங்கள் ஆண்கள் போட்ட படத்தில் பெரும்பாலும் விடுபட்டிருக்கும்.

அடுத்து எல்லையை நடந்து பார்க்க வேண்டும். நடுத்தர அளவு ஊருக்கு மூன்று முதல் ஆறு நாள் பிடிக்கும். யானை நடமாட்டம் இருக்கும் இடத்தில் எப்போது கிளம்புவது, எப்போது திரும்புவது என்பதை ஊரார் சொல்லட்டும். நீங்கள் போட்ட அட்டவணைக்காக யாரையும் மாலையில் காட்டுக்குள் நிறுத்தாதீர்கள். கைப்பேசி ஜிபிஎஸ் போதும், ஆனால் அடர்ந்த மரத்தடியில் புள்ளி பல மீட்டர் தள்ளி விழும். ஒவ்வொரு அடையாளத்திலும் இரண்டு மூன்று நிமிடம் நின்று, இரண்டு கைப்பேசிகளில் எடுத்து ஒப்பிடுங்கள். எல்லோரும் தசம பாகையில் எழுதுங்கள். ஒருவர் தசமத்திலும் இன்னொருவர் பாகை-நிமிடம்-விநாடியிலும் எழுதிக் கலந்துவிட்டால் எல்லை பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போய்விடும்.

எல்லை காப்புக்காட்டு எல்லையோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. சட்ட எல்லையோடு பொருந்தத் தேவையில்லை என்று படிவம் சியே சொல்கிறது. ‘இத்தனை ஹெக்டேருக்குள் முடியுங்கள்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 4 ஹெக்டேர் உச்சவரம்பு தனிநபர் நிலத்துக்குத்தான், சமூக வன வளத்துக்கு அல்ல.

பக்கத்து ஊரும் அதே காட்டைப் புழங்கும். இரண்டு ஊரின் வன உரிமைக் குழுக்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசி, முடிவை எழுத்தில் தத்தம் கிராம சபைக்குத் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. கோடு கிழிக்க அவசரப்படாதீர்கள். ‘இந்த மேய்ச்சல் இரு ஊருக்கும் பொது’ என்று எழுதலாம், பகிர்ந்து புழங்குவதைச் சொல்லப் படிவம் சியில் இடம் உண்டு. கொண்டான் கொடுத்தான் உறவுள்ள இரண்டு ஊருக்கு நடுவே நீங்கள் வரைந்த கோடு சண்டையாக மாறினால், நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அது அங்கேயே இருக்கும்.

7. எதைக் கோப்பில் எழுதக் கூடாது

அதிகம் யோசிக்க வேண்டிய படி இது, அதிகம் தவறவிடப்படுவதும் இதுதான். புனித மரம், கோயில் காடு, இடுகாடு, பழைய கல் எல்லாம் விதி 13இன்படி வலுவான சான்று. அதனால் புதியவர்கள் கண்டதையெல்லாம் புள்ளி போட்டுப் படம் எடுத்து இணைத்துவிடுகிறார்கள். தாக்கலான கோப்பு பல அலுவலகங்களுக்குப் போகும், தகவல் உரிமைச் சட்டத்தில் யாரும் நகல் கேட்கலாம். மருந்துச் செடி இருக்கும் சரிவும் தேன்பாறையும் சாமி இருக்கும் இடமும் ஒரு முறை அச்சேறிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

ஊரோடு உட்கார்ந்து இடங்களை மூன்றாகப் பிரியுங்கள். முதல் வகை, புள்ளியோடு எழுதலாம்: ஓடை, பாதை, பழைய ஊர்ச் சுவடு, மேய்ச்சல். இரண்டாம் வகை, இருப்பதைச் சொல்லலாம், இடத்தைத் துல்லியமாகக் காட்டக் கூடாது: வரைபடத்தில் ‘வழிபாட்டுப் பகுதி’ என்று அகலமாக நிழலிட்டு விடுங்கள். மூன்றாம் வகை, எழுதவே கூடாதது. ஏன் என்று கேட்காதீர்கள். விளக்கம் சொல்லச் சொல்வதே சில இடங்களில் தவறு. தோடர் மந்துகளில் (குடியிருப்புகளில்) பால் கோயிலுக்குள் வெளியார் போகக் கூடாது. பக்கத்தில் போவதற்கும் படம் எடுப்பதற்கும் கேட்டுவிட்டுத்தான். தேன்பாறை சில இடங்களில் குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியது, அந்தக் குடும்பம் சம்மதித்தால்தான் குறிக்கலாம்.

மருத்துவ அறிவுக்கும் இதே கவனம் வேண்டும். படிவம் பியில் ‘மரபு அறிவின் மேல் உரிமை’ என்று கோரினால் போதும். எந்த இலை எந்த நோய்க்கு என்று பட்டியல் போடத் தேவையில்லை. அகத்தியமலைக் காணிக்காரர்கள் 1987இல் ஆய்வாளர்களுக்குச் சொன்ன ஆரோக்கியப் பச்சை, பிறகு ‘ஜீவனி’ என்ற மருந்தாகி ஒரு நிறுவனத்துக்கு உரிமம் தரப்பட்டது. பலனில் பங்கு காணிக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். பங்கு கிடைத்ததற்காகவே அது முன்மாதிரியாகப் பேசப்படுகிறது, எல்லோருக்கும் அப்படி அமையாது.

8. சான்றுகள்

ஒன்றுக்கு மேற்பட்ட வகைச் சான்று வேண்டும். ஒரே வகையில் பத்து வைப்பதைவிட நான்கு வகையில் ஒவ்வொன்று வையுங்கள்: அரசு ஆவணம் (கெசட்டியர், கணக்கெடுப்பு, வனத்துறையின் நிர்வாகத் திட்டமான வனச் செயல்திட்டம், பழைய வரைபடம்), நிலத்தில் தெரியும் தடயம் (கிணறு, வரப்பு, இடுகாடு), பெரியவரின் வாக்குமூலம், வம்சாவளி. வாக்குமூலம் தருபவர் மனுதாரர் அல்லாத பெரியவராக இருக்க வேண்டும். சமூக மனுவில் ஊரே மனுதாரர் என்பதால், பக்கத்து ஊர்ப் பெரியவரின் வாக்குமூலத்தையும் சேர்ப்பது பாதுகாப்பு.

குறிப்பிட்ட ஆவணம்தான் வேண்டும் என்று குழுக்கள் அடம்பிடிக்கக் கூடாது. செயற்கைக்கோள் படம் மற்ற சான்றுகளுக்குத் துணையாகலாம், அவற்றின் இடத்தைப் பிடிக்க முடியாது. இரண்டும் விதியில் இருக்கின்றன.

வனச் செயல்திட்டமும் பழைய கோப்புகளும் கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் உரிமை மனு போடுங்கள்: கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள். இதை இரண்டாம் வாரத்திலேயே போட்டுவிட்டால் மனு எழுதும்போது கையில் இருக்கும்.

9. கள ஆய்வு

கள ஆய்வை நடத்துவது வன உரிமைக் குழு. வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். அதிகாரிகள் வந்திருந்து பதவி, தேதி, கருத்தோடு கையெழுத்திட வேண்டும். வராமல் இருந்துவிட்டுப் பின்னால் அதையே காரணமாக்கி ஆட்சேபித்தால், மனு மறு ஆய்வுக்குக் கிராம சபைக்குத் திரும்பும். அப்போதும் வராவிட்டால் கிராம சபையின் கள ஆய்வு முடிவே இறுதி. அந்த முத்திரை வாங்கிய நகல் இல்லாவிட்டால் இந்த விதி உங்களுக்கு உதவாது.

வனவரோ சரகரோ ‘என்னிடம் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன்’ என்றால் கொடுக்காதீர்கள். மனு வாங்கவோ மறுக்கவோ திருத்தவோ தனி அதிகாரி எவருக்கும் அதிகாரம் இல்லை.

10. தீர்மானமும் தாக்கலும்

கோரத்தோடு கூடிய கிராம சபையில் மனு முழுவதையும் ஊர் மொழியில் வாசியுங்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். தீர்மானத்தில் மொத்த உறுப்பினர் எண்ணிக்கை, வந்தவர் எண்ணிக்கை, பெண்கள் எண்ணிக்கை மூன்றையும் இலக்கத்தில் எழுதுங்கள். வருகைப் பதிவேட்டின் நகலை இணையுங்கள். படிவம் சியோடு உறுப்பினர் பட்டியலும், ஒவ்வொரு பெயருக்கு எதிரே பழங்குடியா, பிற மரபுவழி வனவாசியா (பழங்குடி அல்லாத, தலைமுறைகளாகக் காட்டை நம்பி வாழ்பவரா) என்பதும் வேண்டும்.

மூன்று தொகுப்பு: ஒன்று கோட்டாட்சியர் தலைமையிலான கோட்டக் குழுவுக்கு, ஒன்று ஊருக்கு, ஒன்று குழுச் செயலரிடம். உங்கள் மடிக்கணினியில் இருப்பது நான்காவது, ஊர் கேட்டால் அதையும் அழிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போடுங்கள். நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், தர மறுத்தால் பதிவுத் தபால்.

செலவும் காலமும்

படிவம் இலவசம், மனுக்கட்டணம் இல்லை. வரைபடமும் வாக்காளர் பட்டியலும் கோட்டக் குழு தர வேண்டியவை. முத்திரைத்தாளும் நோட்டரியும் தேவையே இல்லை. இவற்றுக்குப் பணம் கேட்கும் தரகர் வந்தால் ஊருக்குச் சொல்லிவிடுங்கள். உண்மையான செலவு ஜெராக்ஸ், பேருந்து, கூட்ட நாள் சாப்பாடு, எல்லை நடந்தவர்களின் கூலி. நடக்க வந்தவர் ஒரு நாள் கூலியை இழக்கிறார். உள்ளூர் கூலி விகிதத்தில், எல்லோருக்கும் ஒரே தொகையாக, ஊர் நோட்டில் எழுதிக் கொடுங்கள். வாக்குமூலம் சொன்னதற்கு மட்டும் எந்தப் பணமும் கூடாது, விலைக்கு வாங்கிய சாட்சி என்று பேர் வரும்.

நீலகிரிப் பகுதியில் ஏப்ரல் முதல் ஜூன் வரை தேன் காலம், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காப்பி, மிளகு பறிப்புக் கூலி. மழை மாதங்களில் ஓடை தாண்ட முடியாது. நடக்க மிஞ்சுவது சில வாரங்களே, அவற்றை ஊரே குறிக்கட்டும். கிராம சபை கோரிக்கைகளுக்கு அழைப்பு விடுத்த நாளிலிருந்து அவற்றைப் பெற மூன்று மாதம், காரணம் எழுதிக் கிராம சபை நீட்டிக்கலாம். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் தாக்கல் வரைக்கும் எட்டு மாதம் முதல் ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத் திட்ட நிதியோடு இந்த வேலைக்குப் போகாதீர்கள்.

11. தாக்கலுக்குப் பிறகு

மாதம் ஒரு முறை குழுச் செயலர் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நிலையைக் கேட்டு, தேதியோடு நோட்டில் எழுதட்டும். நீங்கள் கூடப் போகலாம், பேசுவது அவராக இருக்கட்டும். மனு குறைபாடாக இருந்தால் குழு மறுக்காமல் கிராம சபைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். மறுத்தால் காரணத்தை விரிவாக எழுதித் தெரிவிக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு 60 நாள், குழு விரும்பினால் இன்னும் 30 நாள். ‘வாய்மொழியாகச் சொன்னார்கள்’ என்பதை மறுப்பாக எடுத்துக்கொண்டு ஊர் சோர்ந்துவிடும், எழுத்தில் வரும் வரை மனு உயிரோடுதான் இருக்கிறது.

உரிமைப் பத்திரம் வந்ததும் கையெழுத்திட்டு வாங்கும் முன் நான்கைப் பாருங்கள்: பெயர் கிராம சபையின் பேரில் இருக்கிறதா, கிராம வனக் குழுவின் பேரிலா, பரப்பும் கம்பார்ட்மென்ட் எண்களும் மனுவோடு ஒத்திருக்கின்றனவா, ஊர் தீர்மானத்தில் இல்லாத நிபந்தனை ஏதும் நுழைந்திருக்கிறதா, வரைபடம் இணைந்திருக்கிறதா. பிறகு வனப் பதிவிலும் வருவாய்ப் பதிவிலும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள் ஏற வேண்டும். இடப்பெயர் நோட்டை அன்றைக்குக் கையோடு கொண்டுபோங்கள். பத்திரத்தில் ஊர்ப்பெயர்கள் விடுபட்டிருந்தால் திருத்தக் கேட்க அது வேண்டும்.